உன் அம்மாவுக்கு மூட்டுவலி கிடையாது

அன்புள்ள சங்கரா,

முதல் காரியமாக, அந்த எலும்பு டாக்டரிடம் நீ வாங்கி வைத்திருக்கும் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடு. உன் அம்மாவுக்கு மூட்டுவலி கிடையாது. இன்று காலையில்கூடக் கோயில் பிரகாரத்தை மூன்று சுற்று சுற்றி, வரும் வழியில் இரண்டு பை காய்கறியும் வாங்கித் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். வெறுங்கையோடு பின்னால் ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது. இதைப் போனில் சொல்லலாம் என்றால், நீ கூப்பிட்ட உடனேயே அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். பெங்களூருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் வந்துவிடும். படித்துவிட்டு மீனாவிடமும் கொடு. மருமகள் தெரிந்துகொண்டால் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான், இருந்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய் அல்லவா? "ஜூன்ல நானும் மீனாவும் ஐரோப்பா குரூப் டூர் போறோம்ப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க, நாலு பேருக்கும் சேத்தே பேர் குடுத்துருதேன்" என்றாய். எனக்கு வாயெல்லாம் பல். உன் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்கு மூட்டு வலிக்குய்யா, நடக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும் சந்தோசமாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவள் உன்னோடு வர வேண்டும், சங்கரா. பனியைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ எங்களை அனுப்பி வைத்தபோதே அள்ளியிருக்க வேண்டும். மூடுபனியால் ரோப் கார் ஓடவில்லை என்று அப்போது உன்னிடம் சொன்னேனே, அது பொய். ரோப் கார் நன்றாகத்தான் ஓடியது. நாங்கள்தான் நேரத்துக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் நான்.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், டூரில் சேருவதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை போய் வந்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். அவர்கள் அனுப்பும் புரோகிராம் தாளை நீ கல்யாணப் பத்திரிகை மாதிரி தேதியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதே. ஒவ்வொரு வரியாகப் படி. "பார்வையிடுதல்" என்று ஓரிடத்தில் இருக்கும், "உள்ளே சென்று காணுதல்" என்று இன்னோரிடத்தில் இருக்கும். முதலாவதற்கு அர்த்தம், ஓடுகிற பஸ்ஸிலிருந்தே "அந்தா இருக்கு பாருங்க" என்று கை காட்டுவார்கள் என்பது. நாம் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் கோபுரம் பின்னால் போயிருக்கும். எது கட்டின பணத்தில் சேர்த்தி, எது தனிக் காசு என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள். ஓட்டல் ஊருக்குள்ளேயா, வெளியிலேயா என்றும் கேள். எங்களுக்குப் பாரிஸ் என்று சொன்ன ஓட்டல், தென்காசி என்று சொல்லிச் சுரண்டையில் படுக்க வைத்த கணக்குத்தான். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் பாக்கி இருக்க வேண்டும். அதன் நகலை ஆளுக்கொரு பையில் பிரித்து வை. மாத்திரைகளோடு டாக்டர் சீட்டும் இருக்கட்டும். இன்சூரன்ஸ் தாளை வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் போன புத்திசாலி நான், நீ அப்படிச் செய்யாதே. செருப்பு புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கிப் போட்டு நடந்து பழக்கு. ராத்திரிச் சாப்பாடு நம்ம ஊர்ச் சாப்பாடு என்பார்கள். பத்து நாளும் பன்னீரும் பருப்பும்தான் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று நீயும் நம்பித்தான் ஆக வேண்டும். இட்லிப்பொடி கொண்டு போ.

பஸ்ஸில் இடம் பிடிக்காதே. இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நான் பிடித்தேன். முதல் நாள் காலையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் துண்டோடு கீழே போனேன். நம்ம ஊர் பஸ் என்றால் ஜன்னல் வழியாகப் போட்டுவிடலாம். அங்கே ஜன்னலே திறக்காது. டிரைவரிடம் சைகை காட்டிக் கதவைத் திறக்கச் சொல்லி, முன்வரிசை இரண்டு சீட்டிலும் துண்டை விரித்துவிட்டு வந்தேன். டூர் மேனேஜர் விக்னேஷ் என்று ஒரு பிள்ளை, சென்னைக்காரன், தங்கமான பையன். அந்தத் துண்டை நாலாக மடித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "சார், இங்க சீட்டு தினமும் மாறும். இன்னைக்கு உங்களுக்குக் கடைசி வரிசை" என்றான். உன் அம்மா இட்லிக்கு ஏங்கிப்போய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டுப் புரையேறும்வரை சிரித்தாள்.

அந்த டூரில் அவள் மனம்விட்டுச் சிரித்தது அன்றோடு சரி என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து நான் என் பழைய உத்தியோகத்தைத் தொடங்கிவிட்டேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன். நாற்பத்திரண்டு பேர் ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கினால் என்னால் சும்மா உட்கார முடியுமா? விக்னேஷ் எண்ணுவதற்கு முன்னால் நான் தலை எண்ணினேன். அந்த ஊர்களில் டிரைவர் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம். நாம் தாமதித்தால் அவர் நமக்காகக் கூடுதல் நேரம் ஓட்டமாட்டார், புரோகிராமில் ஏதாவது ஒன்று கழன்றுவிடும். இதை நீயும் மனதில் வைத்துக்கொள். நான் அதை மனதில் வைத்ததோடு நிற்காமல் தலையில் ஏற்றிக்கொண்டேன். கழிப்பறை வாசலில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று குரல் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டேன். ஊரார் என் பேச்சை எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. உன் அம்மா கேட்டாக வேண்டியிருந்தது. பாரிஸில் ஒரு பாலத்தின் மேல் ஒரு கிழவர் தன் நாய்க்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். அது தட்டித் தட்டி விடுகிறது, அவர் விடாமல் மாட்டுகிறார். அவள் நின்றுவிட்டாள். "ஏட்டி கோமதி, வா, பஸ்ஸ எடுத்துருவான்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "ரெண்டு நிமிசம் பாத்துட்டு வாரேனே" என்றாள். பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்த டூர் போட்டோக்கள் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். எந்தப் படத்திலும் உன் அம்மா நிற்கமாட்டாள், நடந்துகொண்டுதான் இருப்பாள்.

இது அங்கே போய்த் தொற்றிய வியாதி இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள், சுந்தரபாண்டியபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போவதற்காக உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. நான் ஒரு விசில் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தார். "டைம் ஆச்சு, போங்க அண்ணாச்சி" என்று கையை ஆட்டிவிட்டேன். அவள் முக்கால் மணி நேரம் வெயிலில் உன்னை முந்தானையால் மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள். "பொண்டாட்டின்னாலும் எனக்கு டைம்தான்" என்று நான் அதை எத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன், உன் கல்யாணத்தில் சம்பந்தியிடம்கூடச் சொன்னேன். சம்பந்தி சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பனிமலை நாள். காலையில் அருவி, மத்தியானத்துக்கு மேல் பனிமலை என்று தாளில் போட்டிருந்தது. அருவி என்று வாசித்ததுமே எனக்குக் கை பரபரத்தது. நீயும் குற்றாலத்துத் தண்ணீரில் வளர்ந்தவன்தானே, நம் பக்கத்து ஆளுக்கு அருவி என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்த நல்லெண்ணெயை எடுத்து ஓட்டல் குளியலறையில் உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்து, அதன்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டேன். "என்ன செய்யுதிய?" என்றாள். "அருவிக்குல்லா போறோம்" என்றேன். "அங்கன குளிக்க விடுவாவளா? தாள்ல அப்படி ஒண்ணும் போடலியே" என்றாள். "அருவின்னு போட்டாச்சுல்லா, பொறவு குளிக்கன்னு தனியாப் போடுவானாக்கும்" என்றேன். குளிப்பதற்கில்லாமல் ஓர் அருவி இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

அங்கே போய்ப் பார்த்தால் கம்பி கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நின்று உலகமே வேடிக்கை பார்க்கிறது. ஒருவர் தலையிலும் எண்ணெய் இல்லை. கொடுத்த நேரம் முக்கால் மணி. ஆண்கள் குளிக்கும் இடம் கீழே எங்காவது இருக்கும் என்று அவளையும் இழுத்துக்கொண்டு படிப்படியாக இறங்கினேன். வெகுதூரம் இறங்கி ஆற்றோரம் ஆளில்லாத இடமாகப் பார்த்துச் சட்டை, பேன்ட், கடிகாரம், டூர்க்காரர்கள் கழுத்தில் மாட்டிவிட்ட பெயர் அட்டை எல்லாவற்றையும் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். குற்றாலத்தில் நாம் எத்தனை குடும்பத்தைப் பார்த்திருக்கிறோம், ஆம்பிளை அருவிக்குள் நிற்பான், வீட்டுக்காரி கரையில் துணிமணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் தலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படி நின்றாள் உன் அம்மா, அத்தனை பெரிய அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நேரமாச்சு, வாங்க" என்று மூன்று தடவை சொன்னாள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை இறங்கினேன். அது தண்ணீர் இல்லை சங்கரா, உயிர் உச்சந்தலைக்குப் போய்விட்டது. அதே நேரத்தில் ஒரு விசில். ஒரு காவலாளி ஓடிவருகிறார். வாழ்நாளெல்லாம் விசில் ஊதியவனைப் பார்த்து அன்று இன்னொருவர் ஊதிய விசில் அது. அவர் அவருடைய பாஷையில் திட்ட, நான் தமிழில் விளக்க, அவர் என் அட்டையை வாங்கிப் பார்த்து யாருக்கோ போன் போட்டார். போலீசுக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு வழியாக விட்டுவிட்டார். மேலே ஏறி வந்து சேர்ந்தபோது ஒரு மணி நேரம் தாமதம்.

நாற்பது பேரும் பஸ்ஸுக்கு வெளியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாக யாரையெல்லாம் நான் விரட்டினேனோ அத்தனை பேரும். யாரும் கேட்பதற்கு முன்னால் என் வாய் திறந்துகொண்டது. "இவளுக்கு மூட்டுவலி, படியேற முடியல. மெதுவாக் கூட்டிட்டு வர நேரமாயிட்டு" என்றேன். உன் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து, மூட்டுவலிக்காரி மாதிரியே மெதுவாகப் பஸ்ஸில் ஏறினாள். மலை அடிவாரத்துக்கு நாங்கள் போனபோது நாலே கால். மேலே போகும் கடைசி ரோப் கார் நாலு மணிக்கு. மறுநாள் விடியும்போதே வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் உச்சி வெள்ளையாகத் தெரிந்தது. அவள் தென்காசியிலேயே வாங்கி வைத்திருந்த கையுறையைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பைக்குள் வைத்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டு வருஷமாக இதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே கிடையாது. இப்போது நீ கூப்பிட்டதும், நான் அவள்மேல் கட்டிவிட்ட அந்த மூட்டுவலியையே எடுத்து உனக்குக் காரணமாகச் சொல்லிவிட்டாள். நீயும் பாவம், பதறிப்போய் டாக்டரைத் தேடிப் பிடித்திருக்கிறாய்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. இன்று வியாழன். இடையில் இதைப் போஸ்ட் ஆபீஸ்வரை கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். வரிசையில் நிற்கும்போது ஒரு யோசனை வந்தது. பொய் சொன்னது நாற்பது பேருக்கு முன்னால். உண்மையை உறை ஒட்டி, பெற்ற பிள்ளைக்கு மட்டும் ரகசியமாக அனுப்புகிறேன். அது என்ன நியாயம்? அந்த டூர்க்காரர்களுடைய வாட்ஸப் குரூப் இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். நேற்று அந்த ரோஜாப்பூவுக்குக் கீழே எழுதினேன். "அன்று உங்கள் எல்லோருக்கும் பனிமலை கைநழுவிப் போனதற்கு என் மனைவி காரணம் அல்ல. அவளுக்கு மூட்டுவலி இல்லை. நான் ஆற்றில் குளிக்க இறங்கிக் காவலாளியிடம் மாட்டிக்கொண்டேன். பொய் சொன்னேன். மன்னிக்கவும்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அது டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. முதலில் மதுரைக்காரர் ஒருவர்: "அண்ணே, பஸ் பூரா நல்லெண்ணெ வாசம். இது எங்களுக்குத் தெரியாதாண்ணே?" அடுத்து விக்னேஷ்: "சார், அந்த கார்டு போன் பண்ணினதே எனக்குத்தான். உங்க அட்டையில என் நம்பர்தானே இருக்கு. விட்டுடச் சொல்லிக் கெஞ்சினதும் நான்தான்." அட்டையைக் கழற்றாதே என்று அதனால்தான் சொல்கிறார்கள்போல, நீயும் கழற்றாதே. கடைசியாகக் கோயம்புத்தூர் டீச்சரம்மா எழுதியிருந்தார்கள். "நாங்க அன்னிக்கே உங்களைக் கேக்கலாம்னுதாங்க இருந்தோம். கோமதி அக்காதான் ஓட்டல்ல எங்க ஒவ்வொருத்தர் ரூமுக்கும் வந்து, எங்க வீட்டுக்காரர் ஊருல நேரத்துக்குப் பேர் போனவர், தயவு செஞ்சு அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

இதை இரண்டு தடவை படித்தேன். நாற்பது பேரை ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு வருஷம் நினைத்திருந்தவனை, நாற்பது பேரும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டவள் இவள்.

போனை அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள். நல்லெண்ணெய் வாசத்துக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு துடைத்துக்கொண்டு சொன்னாள். "இத அங்கன பஸ்ஸு முன்னால நின்னே சொல்லியிருந்தியன்னா, நானும் சேந்து சிரிச்சிருப்பேன்லா. பனி போனாப் போவுது. எம்மேல தூக்கிப் போட்டியளே, அதத்தான் என்னால தாங்க முடியல." நான் "தப்புத்தான்" என்றேன். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கே அது என்னவோபோல் இருந்திருக்கும், எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

காப்பியை வாங்கிக்கொண்டு, நல்ல சமயம் என்று கேட்டேன். "அப்ப சங்கரன்கிட்ட நாலு டிக்கெட் போடச் சொல்லிரட்டா?"

"மூணு போடச் சொல்லுங்க" என்றாள். "நான் போயிட்டு வாரேன். நீங்க இங்கன இருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. "உங்க கூட வந்தா நான் உங்களத்தான் பாக்கணும். துணியப் பிடிக்கணும், பின்னால ஓடணும், நீங்க யாரையாவது ஏசிட்டா சமாதானம் சொல்லணும். ஒரு தடவையாவது நான் ஊரப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

எனக்கு வலித்தது, சங்கரா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இன்று மத்தியானம்வரைகூட வலித்தது. எனக்கும் அந்தப் பனியைப் பார்க்க ஆசைதான். ஆனால் யோசித்துப் பார்க்கும்போது அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஆகவே மூன்று பேருடைய பெயரைக் கொடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. ஜூனில் இங்கே குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும், அருவியில் எவ்வளவு நேரம் நின்றாலும் என்னை யாரும் விசில் ஊதிக் கரையேற்றமாட்டார்கள். சோறு வைக்க இந்த மாதமே அவளிடம் பழகிக்கொள்கிறேன். நேற்றே முதல் பாடம் ஆயிற்று, குழைந்துவிட்டது.

நீயும் ஒரு விஷயத்தில் என் பிள்ளைதான், உனக்கும் எப்போதும் கடிகாரத்தின் மேல் ஒரு கண் உண்டு. மீனா அதைப் பற்றி என்னிடம் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், அவள் சிரித்தாளே என்று விட்டுவிடாதே. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் திரும்பிவிடுங்கள், அது நாற்பது பேருக்குச் செய்ய வேண்டிய மரியாதை. மற்ற நேரமெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்களோ அங்கே நீயும் நில். நாய்க்குத் தொப்பி போடுவதைப் பார்க்கிறார்கள் என்றால் நீயும் அதைப் பார். தாமதமாகிவிட்டால், யாரால் ஆனது என்று அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடு. பெரும்பாலும் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. மலைக்கு மேலே போய்ச் சேர்ந்ததும், "அப்பாவுக்குக் காட்டுவோம்" என்று நீ வீடியோ காலில் என்னைக் கூப்பிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து கூப்பிடாதே. நான் போனில் வந்தால் அவள் பனியை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா